தேக்கு பீரோவும் சாம்பல் சோபாவும் ஒரே ஹாலில்

வாசகி ஒருவர் அனுப்பிய கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் நான்காவது மாடியில் புது ஃபிளாட், 1,280 சதுர அடி, மூன்று படுக்கையறை. கணவர், ஏழாவது படிக்கும் பெண், மூன்றாவது படிக்கும் பையன், மாமியார். காரைக்குடிப் பக்கத்துப் பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்ததில் இவர்கள் பங்குக்கு ஒரு கண்ணாடிக் கதவுத் தேக்கு பீரோ, ஓர் ஊஞ்சல் பலகை, பழைய தஞ்சாவூர் கிருஷ்ணர் படம், ஒரு மரப்பெட்டி, ஏழெட்டுப் பித்தளைப் பாத்திரங்கள் வந்திருக்கின்றன. அதற்கு முன்பே ஆசையாக வாங்கிவிட்டது சாம்பல் நிறத்தில் ஓர் எல் வடிவ சோபாவும், வெள்ளைப் பளபளப்பில் ஒரு டிவி யூனிட்டும். தரை, பில்டர் போட்ட கிரீம் டைல். எல்லாச் சுவரும் வெள்ளை என்கிறார் கணவர். மாமியார் மஞ்சள். பிள்ளைகள் நீலம். "எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் பழைய சாமான் கடை மாதிரி ஆகிவிடுமோ? பழசை விற்றுவிடலாமா? சுவருக்கு என்ன கலர் அடிப்பது?"

விற்காதீர்கள். பதினெட்டு வருஷமாக வீட்டு உள் அலங்கார வேலை பார்க்கிறேன். பழசை விற்றுவிட்டு நாலு வருஷம் கழித்து அதே மாதிரி பீரோவை மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் அசல் தேக்கு இல்லை.

பழசும் புதுசும் கலந்தால் குழப்பமாகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். உங்கள் பீரோ எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டையே கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். செட்டிநாட்டு வீடு மாதிரி கலவையான வீடு வேறு எங்கே இருக்கிறது? மரம் பர்மாவிலிருந்து, மார்பிள் இத்தாலியிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, இரும்புத் தூண் இங்கிலாந்திலிருந்து. பக்கத்திலேயே உள்ளூர்த் தரைக்கல்லான ஆத்தங்குடிக் கல், சுவரில் ரவிவர்மா அச்சகத்துச் சாமி படம். வட்டிக் கடை வைக்கக் கப்பலேறிப் போனவர்கள் போன இடத்திலெல்லாம் பிடித்ததை வாங்கி வந்து ஒரே கூரைக்குக் கீழே வைத்தார்கள். ஆனால் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரத்தில், போய் நின்றால் யாருக்கும் குழப்பமாகத் தெரியாது. ஒரே தூண் வரிசையாகத் திரும்பத் திரும்ப வருகிறது. முகப்பிலிருந்து பின்கட்டு வரை கண் ஒரே நேர்கோட்டில் ஓடுகிறது. சுவர் முழுக்க அந்தச் சுண்ணாம்புப் பூச்சின் அமைதியான வெள்ளை. சாமான்கள் எத்தனை நாட்டிலிருந்து வந்தாலும் நிறம் நாலைந்துக்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் ஃபிளாட்டில் தூண் வரிசைக்கு இடமில்லை. நிறத்தை அடக்குவதற்கு இடமிருக்கிறது.

அதனால் ஷேடு கார்டைக் கொஞ்ச நாள் அலமாரியில் வையுங்கள். எல்லோரும் செய்யும் தப்பு, சுவர் கலரிலிருந்து தொடங்குவது. பெயிண்டில் ஆயிரக்கணக்கான ஷேடு கிடைக்கிறது, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தரையை மாற்ற முடியாது. தேக்கை மாற்றக் கூடாது. சோபாவை இன்னும் ஏழெட்டு வருஷத்துக்கு மாற்றப் போவதில்லை. மாற்ற முடியாதவைதான் உங்கள் வீட்டின் நிறங்கள். அவை ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டன.

ஒரு வெள்ளை ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் பத்து மணிக்கு, விளக்கு எதுவும் போடாமல், தாளைத் தரையில் வையுங்கள். கிரீம் என்று நினைத்த டைல் மஞ்சள் பக்கம் சாய்கிறதா, ரோஸ் பக்கம் சாய்கிறதா என்று தெரியும். அடுத்து சோபா மேல் வையுங்கள். கடையில் எல்லாச் சாம்பலும் சாம்பல்தான். தாளுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் இது நீலம் கலந்த சாம்பல், இது பச்சை கலந்தது, இது பழுப்பு கலந்தது என்று பிரியும். கடைகளில் நான் பார்க்கிற சாம்பல் சோபாக்கள் பெரும்பாலும் நீலம் கலந்தவை. உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். பழுப்பு கலந்ததாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், பாதி வேலை மிச்சம்.

நீலச் சாம்பலுக்கும் தேக்குக்கும் என்ன தகராறு? தேக்கு அடிப்படையில் ஆரஞ்சு கலந்த பழுப்பு. நிறச் சக்கரத்தில் ஆரஞ்சுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பது நீலம். எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் வந்தால் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். சோபாவுக்குப் பக்கத்தில் பீரோவை வைத்ததும், 'ஊரில் இருந்தபோது இவ்வளவு செம்பட்டையாகத் தெரியவில்லையே' என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். சோபாவும் ஜில்லென்று ஒரு மாதிரி இருக்கும். இரண்டிலும் குறை இல்லை. சேர்க்கைதான் காரணம்.

இதை முதலில் முறையாக ஆராய்ந்து எழுதியவர் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியல்காரர். பாரிசில் கோபலான் நெசவுச் சாலையில் சாயப் பிரிவுக்கு 1824-இல் பொறுப்பேற்றார். கறுப்பு நூலின் சாயம் சரியில்லை, வெளுத்துத் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் அந்தக் கறுப்பை அப்படிக் காட்டியிருக்கின்றன. நிறம் தனியாக இருக்கும்போது ஒன்று, பக்கத்து நிறத்தோடு இருக்கும்போது வேறொன்று என்று சோதனை செய்து 1839-இல் விரிவாக எழுதினார். ஷேடு கார்டில் அரை அங்குலச் சதுரத்தைப் பார்த்துச் சுவர் கலரை முடிவு செய்கிறவர்களுக்கு இந்தக் கதையை நான் கட்டாயம் சொல்வேன்.

சரி, தீர்வுக்கு வருவோம். தேக்குக்கும் சோபாவுக்கும் நடுவில் இரண்டுக்கும் உறவான நிறங்கள் வர வேண்டும். அவற்றை எங்கே தேடுவது? உங்கள் மாமியாரிடம் ஒரு பழைய கண்டாங்கிச் சேலை இருக்கிறதா என்று கேளுங்கள். காரைக்குடிப் பக்கம் என்கிறீர்கள், அநேகமாக இருக்கும். அதை எடுத்து சோபாவின் முதுகில் போட்டுவிட்டு எட்டடி தள்ளி நின்று பாருங்கள். கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு. பீரோ கொஞ்சம் அடங்கும், சோபா கொஞ்சம் சூடேறும். மஞ்சளும் அரக்கும் தேக்குக்குச் சொந்தக்காரர்கள். கறுப்பு யாரோடும் சண்டை போடாது.

இந்த மூன்று நிறங்களில் இன்னொரு சௌகரியமும் உண்டு. சுவருக்கு அடித்தால் இவை சீக்கிரம் வெளுக்காது. பெயிண்ட் கடை மெஷினில் கலக்கும் செங்கல் சிவப்பும் கடுகு மஞ்சளும் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு நிறமிகளால் வருகின்றன. ஆத்தங்குடிக் கல்லில் போடுகிற காவியும் மஞ்சளும் அதே குடும்பம்தான். வெயிலுக்கு அசையாது. பளிச்சென்ற ரோஸ், ஊதா, எலுமிச்சை மஞ்சள் எல்லாம் பெரும்பாலும் கரிம நிறமிகள் (கார்பன் சேர்மங்கள்). மேற்கு வெயில் நேரே விழும் சுவரில் சில வருஷத்திலேயே மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். படத்தைக் கழற்றினால் அது மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாகப் புதுசாக இருக்கும். உங்கள் பால்கனி மேற்கே பார்த்தது என்று எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எதை எங்கே என்று பார்ப்போம். ஹாலும் சாப்பாட்டு இடமும் சேர்ந்து 22 அடி நீளம், 12 அடி அகலம் என்கிறீர்கள். நீளச் சுவர்கள் இரண்டும் வெள்ளை. உங்கள் கணவர் ஜெயித்துவிட்டார். ஆனால் பில்டர் அடித்துக் கொடுத்த நீல வெள்ளை வேண்டாம். ஊறவைத்த பச்சரிசியின் வெள்ளை, லேசாக மஞ்சள் உள்ளே ஓடுகிற வெள்ளை. சில கம்பெனிகளின் கார்டில் ஒவ்வொரு ஷேடுக்கும் எல்ஆர்வி என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். சுவர் எத்தனை சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதன் கணக்கு அது. 70 முதல் 78 வரை உள்ளதாக எடுங்கள். 85-க்கு மேல் போனால் மேற்கு வெயிலில் நாலு மணிக்குக் கண் கூசும்.

சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் இருக்கும் 12 அடிச் சுவர் மட்டும் அரக்கு. ரத்தச் சிவப்பு வேண்டாம், பழைய வீட்டுக் காவித் தரையில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் வருமே, அந்த நிறம். அதில் தஞ்சாவூர் கிருஷ்ணரை மாட்டுங்கள். தங்க ரேக்கு வெள்ளைச் சுவரில் வெறும் மஞ்சளாகத் தெரியும். இருண்ட சுவரில்தான் அது தங்கம். பீரோவை மட்டும் அந்தச் சுவருக்குக் கொண்டு போகாதீர்கள், அரக்கில் தேக்கு கரைந்து போய்விடும். பீரோ வெள்ளைச் சுவரில், தனியாக, இரண்டு பக்கமும் ஒரு அடி இடம் விட்டு நிற்கட்டும். அப்போதுதான் அதன் மேல்பக்கத்துச் செதுக்கு வேலை தெரியும்.

கடுகு மஞ்சள் குஷன் உறை, ஒரு திரைச்சீலையின் கரை, அடுக்களைக்குப் போகும் நிலைப்பக்கம் என்று வரட்டும். மாமியாருக்கு அது போதாது என்றால் அடுக்களைச் சுவரை மஞ்சளாக்குங்கள். மஞ்சள் அடிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாலு பக்கமும் மஞ்சள் அடித்தால் ஒரு சுவர் மற்றச் சுவரில் எதிரொளித்து, கார்டில் பார்த்ததை விட இரண்டு பங்கு மஞ்சளாகிவிடும். அதனால் கார்டில் 'இது என்ன, அழுக்கு மாதிரி இருக்கிறதே' என்று தோன்றுகிற மஞ்சளைத்தான் எடுக்க வேண்டும். சுவரில் ஏறியதும் அது வெண்ணெய் மாதிரி வரும். கார்டிலேயே அழகாக இருக்கும் மஞ்சள் சுவரில் பள்ளிக்கூட வேன்.

கறுப்பு ஆகாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் வாதாடாதீர்கள். இரும்பு நிறம் என்று சொல்லுங்கள். திரைக் கம்பி, ஒரு நிற்கும் விளக்கு, இரண்டு படச் சட்டம். மூன்றே இடம். எந்த நிறமானாலும் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் மூன்று இடத்திலாவது கண்ணில் பட வேண்டும், இது நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே விதி. ஒரு இடத்தில் வந்தால் அது தப்பிப் போய் வந்தது மாதிரி இருக்கும். இரண்டு இடம் என்றால் ஜோடி சேர்த்தது மாதிரி. மூன்றாவது இடத்தில்தான் அது வீட்டு நிறமாகிறது. பித்தளைக்கும் இதுதான் கணக்கு. ஏழெட்டுப் பாத்திரத்தையும் ஒரே மூலையில் அடுக்கினால் பாத்திரக் கடை. அண்டா பால்கனிக் கதவோரம் செடி வைக்க, குத்துவிளக்கு பூஜை இடத்தில், ஊஞ்சல் சங்கிலி நடுவில் என்று பிரித்தால் கண் அதைத் தொட்டுத் தொட்டுப் போகும். பாக்கி உள்ளே இருக்கட்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி வையுங்கள்.

அறுபது, முப்பது, பத்து என்று ஒரு விகிதம் எங்கும் சொல்வார்கள். முக்கிய நிறம் அறுபது சதவீதம், துணை நிறம் முப்பது, துள்ளலான நிறம் பத்து. தப்பில்லை, ஆனால் அளவுகோல் வைத்து அளக்க வேண்டாம். அதைவிட எளிய சோதனை, வாசல் கதவில் நின்று கைப்பேசியில் ஹாலைப் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறமெல்லாம் போய் வெளுப்பும் கருப்பும் மட்டும் மிஞ்சும். இருட்டெல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால் வீடு அந்தப் பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கும். பீரோவும் மரப்பெட்டியும் ஒரே மூலையில் இருந்தால் இது உடனே தெரிந்துவிடும். பெட்டியை எதிர்ப் பக்கத்துக்கு நகர்த்தி சோபாவுக்கு முன்னால் டீப்பாயாகப் போடுங்கள். மேலே ஒரு கண்ணாடி வெட்டிப் போட்டால் பையன் ஜூஸ் கொட்டினாலும் பயமில்லை.

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சொந்த வீட்டில் நான் பண்ணிய கூத்தைச் சொல்ல வேண்டும். மயில்கழுத்துப் பச்சை. கடையில் கார்டைப் பார்த்தே மயங்கிவிட்டேன். அடித்து முடித்த அன்று சாயங்காலம் டியூப்லைட்டைப் போட்டதும் வீடு ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி ஆகிவிட்டது. என் அம்மா உள்ளே வந்தவர், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார். தப்பு பச்சையில் இல்லை, விளக்கில். கடையில் மஞ்சள் விளக்கு, என் வீட்டில் 6,500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்) வெள்ளை டியூப். நம் ஊரில் பாதி வீடுகளில் இருக்கிற நீல வெள்ளை வெளிச்சம் அது. அதில் தேக்கு செத்துப் போகும், அரக்கு பழுப்பாகும், பித்தளை ஈயமாகும். உங்கள் சோபா மட்டும் சந்தோஷமாக இருக்கும்.

பெயிண்டுக்குச் செலவழிப்பதற்கு முன் ஹால் விளக்குகளை 3,000 கெல்வினுக்கு மாற்றுங்கள். பல்பு டப்பாவிலேயே எண் போட்டிருக்கும். சிஆர்ஐ என்று இன்னோர் எண் இருக்கும். நிறத்தை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு. 90-க்கு மேல் கிடைத்தால் வாங்குங்கள், குறிப்பாகப் படத்துக்கு மேலே போடும் விளக்குக்கு. பிள்ளைகள் படிக்கிற மேசைக்கு 4,000 இருக்கட்டும். 'மஞ்சள் விளக்கு மங்கலாக இருக்குமே' என்பார் மாமியார். பல்பின் நிறத்துக்கும் வெளிச்சத்தின் அளவுக்கும் சம்பந்தமில்லை. ஒரு பல்பு கூடுதலாகப் போட்டால் தீர்ந்தது.

பெயிண்ட் ஷேடைச் சோதிக்கும் முறை இதுதான். நேரே சுவரில் அடித்துப் பார்க்காதீர்கள், பழைய வெள்ளை சுற்றிலும் இருந்து கண்ணை ஏமாற்றும். இரண்டடிக்கு இரண்டடி ஹார்டுபோர்டு அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஓரம் வரை நிறம் இருக்கும்படி செய்யுங்கள். காலையில் பீரோவுக்குப் பக்கத்தில் சாத்தி வையுங்கள். மூன்று மணிக்கு வெயில் வரும்போது சோபாவுக்குப் பின்னால். ராத்திரி விளக்கில் சாப்பாட்டுச் சுவரில். மூன்று நாள் அது வீட்டில் அங்கே இங்கே அலையட்டும். நாலாவது நாள் நீங்கள் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

அப்புறம் அந்த டிவி யூனிட். உங்கள் ஹாலில் எனக்கு உறுத்துகிற ஒரே சாமான் அதுதான். வெள்ளை என்பதால் இல்லை, பளபளப்பு என்பதால். தேக்கின் மங்கலான மினுக்குக்குப் பக்கத்தில் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு வந்தால் விலை குறைந்ததாகத் தெரியும், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சரி. முழுசாகத் தூக்கி எறிய வேண்டாம். கதவுகளை மட்டும் மாற்றலாம். பளபளப்பில்லாத பச்சரிசி வெள்ளை லேமினேட், அல்லது நடுவில் பிரம்புப் பின்னல் வைத்த கதவு. பிரம்பு வைத்தால் செட்டாப் பாக்சின் ரிமோட் சிக்னல் பெரும்பாலும் கதவைத் தாண்டி உள்ளே போகும் என்பது கூடுதல் லாபம். கடைக்காரர் நிச்சயம் ஒன்று சொல்வார்: "உங்க பீரோவுக்கு மேட்சா தேக்கு லேமினேட் இருக்குங்க." தயவுசெய்து வேண்டாம். அசலுக்குப் பக்கத்தில் போலியை வைத்தால் பார்க்கிறவர்களுக்கு அசல் மேலேயே சந்தேகம் வந்துவிடும். மரம் வேண்டுமென்றால் வேறு மரம், இல்லையென்றால் வெறும் நிறம்.

பீரோவுக்குப் புதுசாகப் பளபள பாலிஷ் போடுகிறேன் என்று வருபவரையும் வாசலோடு அனுப்புங்கள். மென்மையான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, மெழுகு பாலிஷை மெல்லியதாகத் தடவி, பழைய வேட்டித் துணியால் அரை மணி நேரம் தேயுங்கள். நூறு வருஷத்துக் கை பட்ட மினுக்கை உப்புத்தாள் பத்து நிமிஷத்தில் எடுத்துவிடும். திரும்பக் கொண்டு வர இன்னொரு நூறு வருஷம் ஆகும்.

ஊஞ்சல் விஷயத்தில் அழகைவிடப் பாதுகாப்பு முக்கியம். ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு நாளும் மாட்டக் கூடாது. கான்கிரீட் தளத்திலோ உத்தரத்திலோ கொக்கி போட வேண்டும். உங்கள் கட்டடத்தின் தளம் இழுவிசைக் கம்பி வைத்துக் கட்டிய (போஸ்ட் டென்ஷன்) வகையா என்று பில்டரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்த வகையில் துளை போட்டு உள்ளே கம்பியைத் தொட்டுவிட்டால் பெரிய வினை. சந்தேகம் இருந்தால் இரும்புத் தாங்கியில் தொங்கவிடுங்கள், உங்கள் மூன்று இரும்பு நிறத்தில் அதுவும் ஒன்றாகிவிடும். முன்னும் பின்னும் மூன்றடியாவது காலியாக இருக்கட்டும். பையன் மூன்றாவது படிக்கிறான் என்றால் நாலடி.

சோபாவின் கீழே விரிப்பு வேண்டும். கடையில் கிடைக்கும் சாம்பல் பஞ்சு விரிப்பைத் தொடாதீர்கள், சோபா தரையில் வழிந்த மாதிரி இருக்கும். பவானி ஜமுக்காளம் ஒன்று பாருங்கள். அரக்கும் பச்சையும் கறுப்புமாகப் பட்டைப் பட்டையாக வரும். காவிரியும் பவானியும் கூடும் ஊர்ச் சரக்கு, துவைக்கலாம், இரண்டு பக்கமும் போடலாம். சோபாவின் முன்கால் இரண்டும் அதன் மேல் ஏறி நிற்கும் அளவுக்குப் பெரிதாக வாங்குங்கள். தீவு மாதிரி நடுவில் கிடக்கும் சின்ன விரிப்பு அறையையும் சின்னதாக்கிவிடும்.

படம் மாட்டும் உயரம் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் படம் என்றால் லிண்டலுக்கு மேலே போய்விடுகிறது. அந்தக் காலத்து உயரமான கூரைக்கு, முன்னால் சாய்த்து மாட்டியது சரி. ஒன்பதரை அடி ஃபிளாட்டில் படத்தின் நடு மையம் தரையிலிருந்து 58 அங்குலத்தில் இருக்கட்டும். சாமி படம் தாழ்ந்துவிட்டது என்று மாமியார் வருத்தப்பட்டால், அதை மட்டும் அவர் சொல்கிற உயரத்தில் மாட்டிவிடுங்கள். வீட்டில் அமைதிக்கு ஆறு அங்குலம் கொடுக்கலாம்.

படுக்கையறைகளைச் சுருக்கமாக முடிக்கிறேன். பிள்ளைகள் அறைக்கு நீலம் தாராளமாக அடிக்கலாம். கட்டிலின் தலைமாட்டுச் சுவர் மட்டும், சலவை நீலத்தை இரண்டு சொட்டுச் சாம்பல் விட்டு அடக்கினது மாதிரி. மற்ற மூன்றும் ஹாலின் அதே வெள்ளை. கதவு திறந்திருக்கும்போது அந்த நீலம் ஹாலில் எட்டிப் பார்க்கும், அதற்காக ஹாலில் ஒரே ஒரு குஷனை அதே நீலத்தில் வையுங்கள், சோபாவின் நீலச் சாம்பலோடு சேர்ந்து மூன்று இடமாகிவிடும். கை படுகிற உயரம் வரை துடைக்கக்கூடிய எமல்ஷனாக வாங்குங்கள். இருண்ட நிறத்தை மினுக்கே இல்லாத ரகத்தில் அடித்தால், பையன் பந்து உரசின இடமெல்லாம் வெள்ளையாகக் கோடு விழும்.

மாமியார் அறையில்தான் நிறத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிக்கொண்டே போகும். அடர் நீலம், அடர் பச்சை, கறுப்பு எல்லாம் ஒன்று போலத் தெரிய ஆரம்பிக்கும். வெளிச்சமும் நம்மைவிட அதிகம் தேவைப்படும். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் பாட்டிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்து வந்தார்கள். அவர் தன் அறைச் சுவரைப் பார்த்து, "இது நீலமா? நாலு வருஷமா சாம்பல்னு நினைச்சுட்டு இருந்தேனே" என்றார். அந்த ஷேடைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான்தான், எனக்கு வெட்கமாகிவிட்டது. அதிலிருந்து பெரியவர்கள் அறையில் நான் பார்ப்பது இது: தரைக்கும் கட்டில் விரிப்புக்கும் நிறம் நன்றாக மாறுபட வேண்டும். குளியலறைக் கதவின் நிலை, சுவரிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். சுவிட்சுப் பலகையைச் சுற்றி நிறம் வேறாக இருக்க வேண்டும். வெள்ளைச் சுவரில் வெள்ளை சுவிட்ச், இரவில் அவர் தடவிக்கொண்டு நிற்பார். அவர் கேட்ட மஞ்சள் அந்த அறைக்குத்தான் மிகப் பொருத்தம்.

கடைசியாக, எப்போது அடிப்பது. குடி போவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். புதுக் கட்டடம், சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கும். பில்டர் அடித்த வெள்ளையோடு குடி போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று போகட்டும். எந்த மூலையில் ஓதம் ஏறுகிறது, எங்கே உப்புப் பூக்கிறது என்று அப்போது தெரியும். அதைச் சரி செய்யாமல் மேலே எந்த விலை பெயிண்ட் அடித்தாலும் உரிந்து வரும். இதற்குள் சாமான்களும் தங்கள் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும், வெயில் எங்கே விழுகிறது என்று உங்களுக்கும் பழகியிருக்கும். மார்கழி பாதியில் பட்டி பார்க்க ஆள் விடுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் சும்மா வரவில்லை. அரக்குச் சுவருக்கு முழு அளவையும் ஒரே தடவையில் கலக்கச் சொல்லுங்கள், இரண்டாவது டப்பா ஒரு பொட்டு மாறினாலும் சுவரில் தெரியும். டப்பா மூடியில் ஷேடு எண்ணை மார்க்கரால் எழுதி, அரை லிட்டரைப் பரணில் போட்டுவையுங்கள். பையன் பந்து விளையாடுவான்.

அதுவரை அட்டையைப் பெயிண்ட் அடித்து அலையவிடுங்கள். கண்டாங்கி கிடைத்ததா, சோபா என்ன சாம்பல் என்று தாள் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பழுப்பு கலந்தது என்றால் அரக்கை இன்னும் கொஞ்சம் இருட்டாக எடுக்கலாம்.